சாமி மாவு கணக்கில் வராது

போன மாதம் பித்தப்பைக் கல்லுக்காக உங்கள் வார்டில் வந்து படுத்திருந்தேன் அல்லவா, அப்போது செவிலியர் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துக்கொண்டே கிடந்தேன். ஈட், டிரிங்க், ச்யூ, ஸ்வாலோ, சிப் என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் போட்டிருந்தீர்கள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. யார் எழுதியது என்று கேட்டதற்கு ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு மருந்து அறைக்குள் ஓடிவிட்டாள். கிழவி குறை சொல்லப்போகிறாள் என்று நினைத்திருப்பாள். குறை இல்லை அம்மா. ஆனால் அந்த அட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று அப்போதே தோன்றியது. தையல் வலியில் வாய் திறக்க முடியவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கண்ணமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. செவிலியர் பயிற்சி முடித்த கையோடு ஜவ்வாது மலையில் வேலை என்று ஆர்டர் வந்ததும் அம்மா அழுதாள். எனக்கு மலையைப் பற்றிப் பயமில்லை. எனக்கிருந்த பயமெல்லாம் ஆங்கிலம்தான்.

ஏனென்றால் அப்போது இங்கே இருந்த இரண்டு டாக்டர்களும் வடக்கேயிருந்து வந்தவர்கள். கணவன் மனைவி. டாக்டரம்மா அறுவை சிகிச்சை செய்வார், அவர் கணவர் மயக்க மருந்து கொடுப்பார். டாக்டரம்மாவுக்கு 'வலி', 'எங்கே', 'பயப்படாதே' என்ற மூன்று தமிழ்ச் சொற்கள் தெரியும். ஐயாவுக்கு அதுவும் தெரியாது. நோயாளி சொல்வதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லவும், அவர்கள் கேட்பதை நோயாளியிடம் தமிழில் கேட்கவும் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். அவர் இல்லாத நேரத்தில் அந்த வேலை என் தலையில் விழும். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் மருந்து அறைக்குள் போய் எதையாவது எண்ணிக்கொண்டு நிற்பேன்.

நோயாளியிடம் டாக்டர்கள் முதலில் கேட்பது எல்லாம் வாயையும் வயிற்றையும் பற்றித்தான். என்ன சாப்பிட்டான், எவ்வளவு குடித்தான், விழுங்க முடிகிறதா, வாந்தி எடுத்தானா. ஆகவே சாப்பாட்டுச் சொற்களை முதலில் படித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என் அண்ணன் போளூர் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு படப் புத்தகம் வாங்கி அனுப்பினான். ஆப்பிள், பிரெட், பட்டர், கேக், சீஸ், கிரேப்ஸ். எல்லாவற்றையும் துணி துவைக்கும்போதும் ஊசி வேகவைக்கும்போதும் முணுமுணுத்து நெட்டுருப் போட்டேன். சீஸ் என்றால் தின்பதா, பூசிக்கொள்வதா என்றுகூட எனக்குத் தெரியாது. இங்கே வார்டில் படுத்திருந்தவர்கள் சாப்பிட்டதோ சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடைசல், பலாக்கொட்டை, தேன். இதில் ஒன்றுக்கும் அந்தப் புத்தகத்தில் படம் இல்லை.

ஆனாலும் படித்ததைப் பயன்படுத்திப் பார்க்க ஆசை விடவில்லை. பல் இல்லாத பெரியவர் ஒருவர் காலில் புண்ணோடு படுத்திருந்தார். டாக்டரம்மா அவரைக் காட்டி, நன்றாக மென்று சாப்பிடுகிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். களியை யார் மெல்லுவார்கள்? குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டியதுதானே? "நோ ச்யூயிங், டாக்டர். ஒன்லி ஸ்வாலோ" என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. பெரியவரின் தொண்டையை விளக்கடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், இனிமேல் பால் மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் மறுநாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கால்ல புண்ணுன்னு வந்தவனுக்கு இன்னாத்துக்கு பாலு? நான் இன்னா கைக்கொழந்தையா? எனக்கு களி குடுங்க, இல்லாங்காட்டி நான் வூட்டுக்குப் போறேன்."

கடைசியில் மூத்த சிஸ்டர் டாக்டரம்மாவைக் கூட்டிவந்து, அவர் எதிரிலேயே பெரியவருக்குக் களி கொடுத்தார். கவளம் கவளமாக உருண்டு உள்ளே போவதை டாக்டரம்மா வாய் பிளந்து பார்த்தார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு கிலி பிடித்துக்கொண்டது. நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அப்படியும் நோயாளிக்கு இல்லாத நோய் வந்துவிட்டதே என்று மனம் அடித்துக்கொண்டது.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

மழைக்காலம். முந்தின நாள் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ஜீப் வேலூருக்குப் போயிருந்தது, மூத்த சிஸ்டரும் அதில் போயிருந்தார். பாதையில் மண் சரிந்து ஜீப் திரும்பவில்லை. மலையில் இரண்டு டாக்டர்களும் நானும்தான். மதியத்துக்கு மேல் ஒரு டோலி வந்தது. மூங்கிலில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி, அதில் தலைச்சன் பிரசவக்காரி ஒருத்தியை நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து வந்திருந்தார்கள். கூடவே மாமியார். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். உதடு காய்ந்து, கண் சொருகிக் கிடந்தாள்.

டாக்டரம்மா பார்த்தார். குழந்தை இறங்கவில்லை, குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு தளர்ந்துகொண்டே போகிறது. உடனே வயிற்றைத் திறந்து எடுத்தால்தான் உண்டு. கைகழுவப் போகிற அவசரத்திலும் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். இவள் ஏதாவது சாப்பிட்டாளா, குடித்தாளா?

அது ஏன் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆள் கையை விட்டுப் போய்விடும். எனக்கும் அது பாடத்தில் வந்ததுதான். நான் அவள் காதருகே குனிந்தேன்.

"எதனா துண்ணியாமா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"தண்ணி, கூழு, கஞ்சி?"

"ஒண்ணியும் இல்லக்கா."

மாமியார் முன்னால் வந்தார். "நேத்து பொழுது சாயறப்போ வலி கண்டுச்சு நர்சம்மா. அதுலேர்ந்து ஒரு பருக்க உள்ள போவல. காளியம்மாளுக்கு வேண்டிகினு வெரதமா வெச்சிருக்கேன். சாமி சத்தியமா."

இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், சத்தியமும் செய்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? களி விஷயத்துக்குப் பிறகு நான் ஜாக்கிரதையாகக் கூழையும் கஞ்சியையும் தனியாகக் கேட்டும் விட்டேன். "நத்திங், டாக்டர். நோ ஈட்டிங், நோ டிரிங்கிங்" என்றேன். டாக்டரம்மா தலையசைத்தார். பெண்ணை உள்ளே கொண்டுபோனோம்.

வேகவைத்த கருவிகளை எடுத்துவர நான் வெளியே வந்தேன். வாசலில் மாமியார் சுவரோரம் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானை முடிச்சிலிருந்து விபூதி எடுத்து என் நெற்றியில் பூசினார். பிறகு தேக்கிலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்.

"வாயத் தொற நர்சம்மா. நீயும் பட்டினியா ஓடிகினு கீற. சாமி மாவு."

தினைமாவைத் தேன் விட்டுப் பிசைந்து உருட்டியது. விள்ளல் ஒன்றை அவரே என் வாயில் வைத்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்கு அது அமிர்தமாக இருந்தது. வாயில் மாவோடு, மரியாதைக்குத்தான் சொன்னேன்.

"அவளுக்கும் கொஞ்சம் எடுத்து வெய்ங்க. கண்ணு முழிச்சி ரெண்டு நாளு கழிச்சி குடுக்கலாம்."

"அவளுக்கு வெக்காமலா? ஊரு எல்லையில ஒரு உருண்ட, வேடியப்பன் கல்லாண்ட ஒரு உருண்ட, இங்க எறக்கத்துல காளியம்மா கோயிலாண்ட ஒரு உருண்ட. டோலிய எறக்கி வெச்சி என் கையாலியே ஊட்டிகினு வந்தேன். சாமிங்கள தாண்டிகினு சும்மா வர முடியுமா?"

வாயிலிருந்த மாவை அவசரமாக விழுங்கினேன்.

"ஒண்ணுமே துண்ணலன்னு இப்பதான சொன்னீங்க?"

"ஆமா, துண்ணல. வெரதம்." அவர் என்னை ஏதோ புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இது சாமி மாவும்மா. இது எப்பிடி கணக்குல வரும்?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை. என் வீட்டில் ஆடி வெள்ளிக்கு விரதம் இருக்கும் என் அம்மா, மாவிளக்கு மாவை வாயில் போட்டுக்கொண்டு, இன்றைக்கு நான் எதுவும் சாப்பிடவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள். அதை நானும் நம்பித்தான் வளர்ந்தேன். எங்கள் எல்லாருக்கும் சாப்பாடு ஒன்று, சாமி கொடுப்பது வேறு.

கருவித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆனால் அதற்குள் மனம் எங்கெங்கோ போய்விட்டது. நத்திங் என்று சொன்னவள் நான். இப்போது போய் மாற்றிச் சொன்னால் இவளுக்குத் தமிழே தெரியாது போலிருக்கிறது என்று என்னைப் பஸ் ஏற்றிவிடுவார்கள். வேலை போனாலும் போகட்டும், குழந்தை? அதன் துடிப்பு தளர்கிறது. நான் நிறுத்தினால் அந்த நேரத்தில் அது போய்விட்டால்? மூன்று உருண்டை மாவுதானே, இந்நேரம் கரைந்திருக்காதா? கரைந்திருக்கும், கரைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகளே, அப்படி நின்றபோது எனக்கு ஒன்றுதான் விளங்கியது. கரைந்திருக்குமா, இராதா, நிறுத்தலாமா, கூடாதா என்பது எனக்குத் தெரியாத கணக்கு. அதைப் போடவேண்டியவர்கள் உள்ளே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தப் பொட்டலத்தை மாமியார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஐயா மயக்க மருந்து முகமூடியைப் பெண்ணின் முகத்தருகே கொண்டுபோய்விட்டார். ஈதர் நாற்றம் அறையில் பரவியிருந்தது. "ஸ்டாப்" என்றேன். டாக்டர்களைப் பார்த்து அதுவரை நான் சொல்லாத சொல் அது. கத்திவிட்டேன் போலிருக்கிறது, இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஆப்பிள், பிரெட், பட்டர், சீஸ் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வருகின்றன, வேண்டியது மட்டும் வரவில்லை. தினைக்கு என்ன சொல்வது? பிரசாதத்துக்கு என்ன சொல்வது? பிரெட் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறுபடியும் ஒரு தப்பான சொல் வேண்டாம் என்று பொட்டலத்தையே டாக்டரம்மா முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"திஸ், டாக்டர். ஷீ ஈட் திஸ். த்ரீ."

"யூ ஸெட் நத்திங்" என்றார் ஐயா. கோபம்தான்.

"காட் ஃபுட், சார். தே ஸே, நாட் ஃபுட்."

டாக்டரம்மா குனிந்து மாவை முகர்ந்தார். எவ்வளவு பெரிது என்று கேட்டார். என் கையை முட்டியாக மடக்கிக் காட்டினேன். எப்போது என்றார். கடைசி உருண்டை காளியம்மன் கோயில், கீழே, பக்கத்தில்தான் என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயா முகமூடியைக் கீழே வைத்தார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, விழிப்போடு வைத்தே செய்வது என்று முடிவாயிற்று. அதற்கு அவளை உட்கார வைத்து, முன்னால் வளைக்க வேண்டும். வலியில் துடிக்கிறவளை உட்கார வைப்பது லேசான காரியமா? நான் எதிரில் நின்று அவள் தலையை என் தோளில் சாய்த்து இறுக்கிப் பிடித்தேன். குனிந்ததும் வாந்தி எடுத்தாள். என் புடவை முழுக்க மாவு. தேன் வாசனை அப்படியே இருந்தது. கரைந்திருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டேனே, அந்த மாவு. ஐயா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊசியைக் கையில் எடுத்தார்.

அறுவை நடக்கும்போது அவள் என் கையை விடவேயில்லை.

"அக்கா, இன்னா பண்றாங்க? அக்கா, கொழந்த கீதா?"

"கீதுமா, கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. நீலம் பாரித்து, துணி மாதிரி தொங்கியது. அழவில்லை. ஐயா அதைத் தனி மேசைக்குக் கொண்டுபோய்ச் சளியை உறிஞ்சினார், முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார். சத்தமே இல்லை. நான் நிறுத்தினேனே, ஊசி போட்டு, உட்கார வைத்து, வளைத்து என்று போன நேரம் அத்தனையும் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்தக் குழந்தை போனால் நான் இந்த மலையில் இருக்க மாட்டேன், எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அது பூனைக்குட்டி மாதிரி சின்னதாகக் கத்தியது. பிறகு பெரிதாகக் கத்தியது. நானும் அழுதேன். அழக்கூடாது என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள், அழுதேன்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பிறகு, இங்கே மனிதர்கள் வாயால் செய்கிற எல்லாவற்றையும் எனக்குச் சொல்லு என்றார். எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில், பாதியை நடித்தும் காட்டிச் சொன்னேன். சோறு தின்பது, களி விழுங்குவது, கூழ் குடிப்பது, பொரி கொறிப்பது, தேன் நக்குவது, வெற்றிலை போடுவது, புகையிலை அடக்குவது, சாமி மாவு வாயில் போட்டுக்கொள்வது. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, கேட்டால் இதைச் சாப்பிட்டேன் என்று சொல்வார்களா, மாட்டார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். பாதிக்கு மேல் மாட்டார்கள் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று போனவள், இருட்டும்வரை உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு டாக்டரம்மாவுக்கு நான்காவதாக ஒரு தமிழ்ச் சொல் வந்துவிட்டது. அறுவைக்கு வருகிற யாராக இருந்தாலும், "சாமி மாவு?" என்பார். அம்மாவுக்குச் சாமி மாவு என்றால் கொள்ளை ஆசை என்று மலை முழுக்கப் பேச்சாகி, குணமாகிப் போனவர்கள் தேக்கிலையில் கட்டி எடுத்துவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அவரும் வேண்டாமென்று சொல்லாமல் வாங்கித் தின்பார்.

நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கேள்வியை விடாமல் கேட்டேன். உங்கள் அட்டையில் அது இல்லை. சொற்கள் எல்லாம் சரி, பொருளும் சரி. ஆனால் ஈட் என்று நீங்கள் கேட்டால் எதிரில் இருப்பவர் எதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார் என்று அட்டை சொல்லாது. அதை அட்டையில் எழுதவும் முடியாது. அவர்கள் எங்கே வளர்ந்தார்கள், எந்தச் சாமியைத் தாண்டி வந்தார்கள் என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது போன மாதக் கதை. அறுவை அன்று காலையில் என்னைப் பார்க்க மேல் கிராமத்திலிருந்து ஒருத்தி வந்தாள். அன்று நீலமாகத் தொங்கியவள்தான், இப்போது அவளே பேரன் எடுத்துவிட்டாள். வருஷா வருஷம் பொங்கலுக்கு வருவாள். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனாள். அவள் போன பிறகு உங்களில் ஒருத்தி வந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். மலைப் பெண், நல்ல பெண்.

"அம்மா, எதனா சாப்டீங்களா? குடிச்சீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. ராத்திரிலேர்ந்து பச்சத் தண்ணி கூட இல்ல" என்றேன்.

எழுதிக்கொண்டு போனாள். அவள் கதவைத் தாண்டுமுன் கடைவாய்ப் பல்லின் இடுக்கைத் துழாவிய என் நாக்கில் ஏதோ இனித்தது. தேன்.

"இந்தாம்மா, திரும்பி வா" என்று கத்தினேன். வந்தாள். காலையில் வந்தவள் ஒரு விள்ளல் ஊட்டிவிட்டு வைத்துப்போன தேக்கிலையைத் தலையணை அடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

"ஐயே, இதுக்கா பயந்தீங்க? இது சாமி மாவுதானம்மா. இது எப்பிடி சாப்பாடு ஆவும்?"

"மயக்க டாக்டர கூப்புடு" என்றேன்.